சயோவின் விளக்குப்பூச்சி

கோஜிமா, ஒக்காயாமா
19 ஜனவரி 1997

அன்புள்ள குனிக்கு,

உங்கள் அட்டை வந்தது. ‘சேர்ந்துவிட்டேன், பனி அதிகம்’ என்று இரண்டே வரி. நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போன மனிதர் மூன்றாவதாக ஒரு வரி எழுதியிருக்கலாம். புத்தாண்டுக்கு நீங்கள் வந்திருந்த ஆறு நாளும் வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது. நீங்கள் கிளம்பிய மறுநாள் பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். மீந்ததை இரண்டு நாள் நானே தின்று தீர்த்தேன்.

தையற்கூடத்தில் தலைக்கு மேல் வேலை. ஏப்ரலில் பள்ளி திறப்பதற்குள் நாலாயிரம் சீருடைக் கழுத்துப்பட்டை போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம்தான் ஆட்டப் பெட்டியில் பூதக்குட்டிகளைப் பார்க்க முடிகிறது. பக்கத்து மெஷின் இக்குயோ நேற்று எட்டிப் பார்த்தாள். “அக்கா, முப்பத்தாறு வயசுல கையில என்ன பெட்டி? சின்னப் புள்ளைங்க ஆடுறதாச்சே” என்றாள். “பூதக்குட்டிய புடிக்கணும், வளக்கணும், சண்டைக்கு விடணும். ஒரு கேசட் என்கிட்ட இருக்கு, ஒண்ணு எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. அவர் அங்க நடக்குற காட்டுலதான் நான் இங்க நடக்குறேன்” என்றேன். “வேலை மாத்தலாகிப் போன புருஷனோட குடும்பம் நடத்த இப்படி ஒரு வழியா?” என்று சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் இப்போது ஊமைக் குகைக்குள் நிற்கிறேன். புத்தாண்டன்று ஒயர் போட்டு உங்கள் பெட்டியிலிருந்து என் பெட்டிக்கு அனுப்பினீர்களே, அந்த விளக்குப்பூச்சி நன்றாகத்தான் எரிகிறது. அது இல்லாவிட்டால் திரை முழுக்கக் கறுப்பாக இருந்திருக்கும். இப்போது என்னைச் சுற்றி நாலடி தெரிகிறது. ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்த வழிதான் சரியில்லை. ‘வலது பக்கம் போ, நான்காவது திருப்பத்தில் கீழே ஏணி’ என்று போட்டிருக்கிறீர்கள். நான்காவது திருப்பத்தில் சுவர்தான் இருக்கிறது. மூன்று நாளாக அதில் முட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இந்தக் குகையில் நடந்தீர்கள்தானே?

இன்னொன்று. பூச்சியின் விவரப் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பக்கத்தில் ‘முதல் சொந்தக்காரர்: சயோ’ என்று இருக்கிறது. யார் பிடித்தார்களோ அவர்கள் பெயர்தான் அங்கே நிற்குமாம். சயோ யார்? பெண் பெயராக இருக்கிறதே. அவசரமில்லை, அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.

உங்கள் கம்பெனியின் குடும்பக் குடியிருப்புக்கு மார்ச் இருபதாம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றீர்கள். படிவம் கிடைத்ததும் அனுப்புங்கள். கையெழுத்துக்குப் பதில் இரண்டு பேர் பெயர் முத்திரையும் வேண்டுமென்றால் தபாலில் போய்வர நாள் பிடிக்கும்.

கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். அலமாரிக்குள் மடித்து வைப்பதற்காக அதை நான் பின்னவில்லை.

அன்புடன்,
ஹருயோ


குஷிரோ, ஹொக்கைதோ
27 ஜனவரி 1997

அன்புள்ள ஹருவுக்கு,

நான் நலம், நீ நலமா? உன் கடிதம் வந்த அன்று இங்கே மைனஸ் பதினெட்டு. எங்கள் மீன் கிடங்குக்குள் அதைவிடக் குளிர் என்பதால் வெளியே வரும்போது கொஞ்சம் இதமாகவே இருக்கிறது. காலுறையைத் தினமும் போடுகிறேன். விடுதிக் காவலர்கூட “வீட்டுல பின்னதா? கடையில இப்படிக் கெடைக்காது” என்றார்.

நான்காவது திருப்பம் அல்ல, ஐந்தாவது. என் தவறு, மன்னித்துக்கொள். அந்தக் குகையில் ஒவ்வொரு மூலையும் ஒன்றுபோலவே இருக்கும்.

நான் நேற்று உறைந்த ஏரியைக் கடந்தேன். வெள்ளைத் திரையில் பனிப்பூதங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தபோது, நீ பார்த்தால் என்ன சொல்வாய் என்று நினைத்தேன். ஆறாவது பதக்கமும் கிடைத்துவிட்டது. நீயும் சீக்கிரம் குகையிலிருந்து வெளியே வா. அப்புறம் கடற்கரைப் பாதை, ரொம்ப அழகு.

சயோ என்பது ஆபீஸில் ஒருவர். பூதக்குட்டிகளை மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். அது பெரிய விஷயமில்லை.

படிவம் பிப்ரவரியில்தான் தருவார்களாம். உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்துப்பட்டைகளோடு மல்லுக்கட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
குனிஹிகோ


கோஜிமா
3 பிப்ரவரி 1997

குனிஹிகோ அவர்களுக்கு,

ஐந்தாவது திருப்பத்திலும் ஏணி இல்லை.

‘ஆபீஸில் ஒருவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். புத்தாண்டன்று கணப்பு மேசைக்கடியில் காலை நீட்டிக்கொண்டு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “இந்தப் பூச்சிய புடிக்க மூணு நாள் அலைஞ்சேன் ஹரு. உனக்குன்னுதான் புடிச்சேன்” என்றீர்கள். நான் ஆரஞ்சை உரித்துப் பாதியை உங்கள் வாயில் வைத்தேன். இப்போது அதை மாற்றிக்கொண்டோம் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

அக்டோபரில் நீங்கள் எழுதிய முதல் கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். ‘கிடங்கில் பதினோரு பேர், எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் மீன் வாடை’ என்று எழுதியிருக்கிறது. சயோ எப்போது வேலைக்குச் சேர்ந்தாள்?

நினைக்க நினைக்க ஒவ்வொன்றாக வருகிறது. செப்டம்பரில் இருவரும் ஒரே நாளில் கேசட் வாங்கி, சாப்பாட்டு மேசையில் பிரித்தோம். முதல் பூதமாக நான் நெருப்புக்கோழியை எடுத்தேன், நீங்கள் சேற்றாமையை எடுத்தீர்கள். புத்தாண்டன்று உங்கள் பூதங்களில் ஆமையே இல்லை. கேட்டதற்கு, ஆட்டத்துக்குள் இருக்கும் பெட்டகத்தில் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் திரையை நான் பார்க்கும்போது கட்டைவிரலால் மேல்வரியை மறைத்துக்கொண்டு, கீழே இருந்த விளையாடிய நேரத்தை மட்டும் பெருமையாகக் காட்டினீர்கள். ஐம்பத்தெட்டு மணி நேரம். “வேலையே செய்யிறதில்லையா நீங்க?” என்று நான்கூடக் கேலி செய்தேன். மேல்வரியில் ஆடுபவரின் பெயர் இருக்கும். அதை ஏன் மறைத்தீர்கள்?

இக்குயோவிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அவள் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, “அக்கா, உங்க வீட்டுக்காரர் பக்கம் பக்கமா ஏரி, பனின்னு எழுதுறார்னு சொன்னீங்களே, அப்பவே எனக்கு இடிச்சுது. வெளியூர்ல இருக்குற எம்புருஷன் மாசத்துக்கு ஒரு வரி எழுதுவான். ‘அரிசி இருக்கா’ன்னு கேப்பான். அவன்மேல எனக்குச் சந்தேகமே வந்ததில்ல” என்றாள்.

பூச்சியைக் கழற்றிப் பெட்டகத்தில் போட்டுவிட்டேன். யாரோ ஒருத்தி பிடித்த வெளிச்சத்தில் எனக்கு நடக்க வேண்டாம். இருட்டிலேயே நடந்துகொள்கிறேன்.

உண்மையை எழுதுங்கள். உண்மை தெரியாமல் எந்தப் படிவத்திலும் என் முத்திரை விழாது.

ஹருயோ


குஷிரோ
11 பிப்ரவரி 1997

அன்புள்ள ஹருவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

நாம் சேர்ந்து வாங்கிய பெட்டியும் கேசட்டும் என்னிடம் இல்லை. அக்டோபரில் சப்போரோவிலிருந்து குஷிரோ வரும் ரயிலில், இருக்கைக்கு முன்னாலிருந்த வலைப்பையில் வைத்தேன். இறங்கும்போது மறந்துவிட்டேன். தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு நான்கு தடவை போனேன். அங்கிருந்தவர் கடைசித் தடவை என் முகத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். நீ தேடித் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததை இரண்டாம் வாரத்திலேயே தொலைத்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

ரயிலடிக்கு எதிரே ஒரு பழைய சாமான் கடையில் பெட்டியும் கேசட்டும் இருந்தன, வாங்கினேன். முன்னால் வைத்திருந்தவர் தன் ஆட்டத்தை அழிக்காமலே விற்றிருக்கிறார். அவர் பெயர்தான் சயோ. சிறுமியாக இருக்க வேண்டும், கேசட்டின் முதுகில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அவள் ஏற்கனவே குகையைத் தாண்டியிருந்தாள். அவள் விட்ட இடத்திலிருந்து நான் ஆடினேன். பூதக்குட்டிக்குள் பிடித்தவர் பெயர் எழுதியிருக்கும் என்பதே எனக்குத் தெரியாது.

இவ்வளவுதான் ஹரு. சயோ என்று எனக்கு யாரையும் தெரியாது.

இங்கே ஒருவருக்கு வரவேண்டிய மனைவி வராததால் மூன்றாம் மாடியில் ஒரு வீடு காலியாகிறது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். அதை நமக்குக் கேட்டு வைத்திருக்கிறேன்.

உன்,
குனி


கோஜிமா
18 பிப்ரவரி 1997

திருவாளர் குனிஹிகோ அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ரயில், வலைப்பை, நட்சத்திர ஸ்டிக்கர், எல்லாம் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஏரியைப் பற்றியும் நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள், அதுதான் என் கவலை.

எழுத்தை வைத்து இனி நான் எதையும் நம்புவதாக இல்லை. அந்தக் கேசட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதில் என்ன இருக்கிறது என்று நானே பார்த்துக்கொள்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் எதையாவது அழித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

என் குகையைப் பற்றிக் கேட்பீர்களோ மாட்டீர்களோ, சொல்லிவிடுகிறேன். பூச்சி இல்லாமல் போனால் திரையில் நான் ஒருத்திதான் தெரிகிறேன், மற்றதெல்லாம் கறுப்பு. சுவரில் முட்டினால் ‘டொப்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைத் தவிர வேறு வழிகாட்டி கிடையாது. தையற்கூடத்தில் துணி வெட்ட வைத்திருக்கும் கட்டம் போட்ட தாளில் ஒரு பெரிய துண்டு எடுத்துக்கொண்டேன். ஓர் அடிக்கு ஒரு கட்டம். டொப் என்றால் அந்தக் கட்டத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. சட்டைக்கு அளவெடுப்பதைப் போலத்தான், உடம்பைத் தொடாமல் உடம்பின் வளைவைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்தடிக்கு ஒரு வௌவால் வந்து கடிக்கிறது. கோழிக்கு உயிர் போகும் நிலை வந்தால் திரும்ப வாசலுக்கு ஓட வேண்டும், மறுபடி முதலிலிருந்து. நேற்று ஒரு மதியம் முழுக்கப் போய் ஏழு கட்டம்தான் புதிதாகத் தெரிந்தது.

ஏழு கட்டமானாலும் நானே முட்டித் தெரிந்துகொண்டது.

ஹருயோ


குஷிரோ
25 பிப்ரவரி 1997

அன்புள்ள ஹருவுக்கு,

இத்துடன் கேசட் வருகிறது. எதையும் தொடவில்லை. பார்த்துவிட்டு எழுது.

குடியிருப்புப் படிவமும் வைத்திருக்கிறேன். என் முத்திரை போட்டாயிற்று. அதற்குப் பக்கத்தில் உள்ள கட்டம் உன்னுடையது.

குனி


கோஜிமா
6 மார்ச் 1997

திருவாளர் குனிஹிகோ அவர்களுக்கு,

கேசட்டை என் பெட்டியில் போட்டுப் பார்த்தேன்.

சயோ குழந்தைதான். அவள் பூதங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தாலே தெரிகிறது. ‘பல்வலி’, ‘சோற்றுருண்டை’, ‘சித்தப்பா’, ‘கணக்கு டீச்சர்’. கணக்கு டீச்சர் ஒரு விஷத் தவளை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இக்குயோவிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. “புள்ள இருந்தா அதுக்கு ஒரு அம்மாவும் இருப்பா, அக்கா” என்றாள். அன்று மாலை முழுக்க அந்த ஒரு வார்த்தை என்னைத் தின்றது. ஒரு வீடு, ஒரு பெண், அவள் மகள், மகளின் கேசட், மேசையில் எனக்குப் பதில் இன்னொருத்தி ஆரஞ்சு உரிக்கிறாள் என்றெல்லாம் பார்த்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வைத்த சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டேன்.

பிறகு விளையாடிய நேரத்தைப் பார்த்தேன்.

புத்தாண்டன்று ஐம்பத்தெட்டு மணி, நான்கு நிமிடம். மறக்க முடியாது, நீங்கள் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள். இப்போது ஐம்பத்தெட்டு மணி, பதினெட்டு நிமிடம். இரண்டு மாதத்தில் பதினான்கு நிமிடம். அதிலும் பாதி அன்று நாம் பூதம் மாற்றிக்கொண்ட நேரமாக இருக்கும். ஆட்டத்தில் உங்கள் ஆள் இன்னும் பூதம் மாற்றும் அதே கடை வாசலில்தான் நிற்கிறான். பதக்கங்களை எண்ணினேன், ஐந்து. உறைந்த ஏரியில் ஒரு காலடிகூடப் படவில்லை.

அப்படியானால் ‘நேற்று ஏரியைக் கடந்தேன்’ என்று எழுதியது யார்? பனிப்பூதங்கள் வரிசையாக நின்றதைப் பார்த்து என்னை நினைத்தது யார்? அக்டோபரிலிருந்து பதினான்கு கடிதம். ஒவ்வொன்றிலும் இன்று இந்தக் காடு, நாளை அந்த ஊர். அதையெல்லாம் படித்துத்தானே நானும் உங்களுக்குப் பின்னாலேயே நடந்தேன்.

சயோவால் எனக்குத் தலைவலி தீர்ந்தது, உங்களால் வந்தது. நீங்கள் ஆடவில்லை. சரி, மாலை நேரமெல்லாம் எங்கே இருந்தீர்கள்? யாரோடு? ஏரியைப் பற்றி உங்களுக்குச் சொன்னது யார்?

படிவம் என் தையல் மேசையில் இருக்கிறது. இருபதாம் தேதிக்கு இன்னும் பதினான்கு நாள்.

ஹருயோ


குஷிரோ
10 மார்ச் 1997

ஹருவுக்கு,

சுமிதா புத்தகக் கடை. விடுதியிலிருந்து பதினைந்து நிமிட நடை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கேதான் இருந்தேன். ஒருவரும் கூட இல்லை.

பூதக்குட்டி ஆட்டத்துக்கு வழிகாட்டிப் புத்தகம் ஒன்று இருக்கிறது, தடித்த புத்தகம், எல்லாக் காடும் ஏரியும் படத்தோடு. வாங்காமல் நின்றே படிப்பேன். கடைக்காரர் இறகுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்து அலமாரியைத் தட்ட ஆரம்பிப்பார். நான் ஒரு எட்டு நகர்வேன், அவரும் ஒரு எட்டு வருவார். போன மாதம் பொறுக்க முடியாமல், “ஐயா, அந்த ஏரிப் பக்கம் உங்க வெரல் பட்டே கசங்கிப்போச்சு, கொஞ்சம் மலைப் பக்கமும் படிங்களேன்” என்றார். அங்கேயே காகிதத்தை எடுத்து எழுதினால் வெளியே அனுப்பிவிடுவார். அதனால் மனப்பாடம் செய்துகொண்டு, பனியில் முணுமுணுத்தபடியே நடந்து, அறைக்கு வந்து உனக்கு எழுதுவேன். நான்காவது, ஐந்தாவது என்று குழம்பியதெல்லாம் அந்தப் பதினைந்து நிமிட நடையில்தான்.

ஏன் ஆடவில்லை என்று கேட்பாய். சயோவின் ஆட்டத்தைத் திறந்தபோதெல்லாம் யாரோ வீட்டுக்குள் செருப்போடு நுழைந்ததைப் போலிருந்தது. அவள் பூதங்கள் என்ன செய்யும் என்றே எனக்குத் தெரியாது. அதை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தால் நான் உனக்கு எவ்வளவோ பின்னால் இருப்பேன். அப்புறம் அந்தக் குகை வரும். கிடங்கில் விளக்கு தானாக அணைந்துவிடும் ஹரு. உள்ளே ஆள் இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அணையும், தடவிக்கொண்டே போய் விசையை அழுத்த வேண்டும். நாள் முழுக்க அப்படித் தடவிவிட்டு வந்து, இன்னொரு இருட்டைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

ஏன் எழுதினேன் என்பதுதான் பெரிய விஷயம். நமக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். நாம் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன். காஸ் தீர்ந்துவிட்டது, குடையை எடுத்துக்கொண்டு போ, இன்றைக்கு மீனா காய்கறியா. செப்டம்பரில் அந்தக் கேசட்டைப் பிரித்த ராத்திரிதான் நீ நெருப்புக்கோழியா, வேறெதாவதா என்று ஒரு மணி நேரம் என்னிடம் வாதாடினாய். அப்படி நீ பேசி நான் பார்த்ததே இல்லை. இங்கே வந்த பிறகும் உன் கடிதங்களில் அதே ஹரு இருந்தாள். நான் ஆடவில்லை என்று சொன்னால் அவள் போய்விடுவாள், மறுபடி காஸ், குடை, மீன் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். உன்னை இழந்துவிடக் கூடாது என்றுதான் பொய் சொன்னேன். பொய் பொய்தான், அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

குனி


கோஜிமா
16 மார்ச் 1997
விரைவுத் தபால்

குனிஹிகோவுக்கு,

நேற்று மதியம் இரண்டே காலுக்கு ஊமைக் குகையிலிருந்து வெளியே வந்தேன். நாற்பத்தோரு நாள். பூச்சி இல்லாமல்.

என் தாள் தையல் மேசையை மீறித் தொங்குகிறது. முழுக்கச் சாக்பீஸ் குறி. கடைசி மூலையில் வழக்கம்போல முட்டக் காத்திருந்தேன், டொப் சத்தம் வரவில்லை. இன்னோர் அடி வைத்தேன், அப்போதும் வரவில்லை. திடீரென்று திரை முழுக்க வெளிச்சம். பச்சைப் புல், நீலக் கடல், நீங்கள் பார்க்காமலே ரொம்ப அழகு என்று எழுதிய அதே கடற்கரைப் பாதை. அழகாகத்தான் இருக்கிறது. நான் அழுதுவிட்டேன். இக்குயோ மெஷினை நிறுத்திவிட்டு, “அக்கா, யாருக்கு என்னாச்சு?” என்று ஓடி வந்தாள். “வெளிய வந்துட்டேன்டி” என்றேன். அவளுக்குப் புரியவில்லை, இருந்தாலும் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கோபம் போகவில்லை. கடையில் நின்று படித்த நேரத்தையெல்லாம் கூட்டினால் நீங்கள் இந்தக் குகையை மூன்று முறை தாண்டியிருக்கலாம். உங்களுக்கு முட்டிக்கொள்ளப் பயம், நான் முட்டிக்கொள்வதைப் பார்க்கவும் பயம், அதனால் யாரோ வரைந்த வழியை உங்கள் வழி என்று எனக்கு அனுப்பினீர்கள். அதில் நடந்து நான்தான் சுவரில் மோதினேன். இன்னொரு பெண் என்றால் அவளோடு சண்டை போட்டிருப்பேன். இதற்கு யாரோடு சண்டை போடுவது?

ஒன்பது வருடம் பேசவில்லை என்கிறீர்கள். நீங்கள் சொன்னது சரிதான். எனக்கும் தெரியும். ஆனால் கிடங்கில் விளக்கு அணைவதைப் பற்றி ஒரு கடிதத்திலாவது எழுதியிருந்தால், ஆறு பதக்கத்தைவிட அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்திருப்பேன்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். என் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. மூன்றாம் மாடி வீட்டை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள்.

கேசட்டும் வருகிறது. இக்குயோ வீட்டிலிருந்து இன்னொரு பெட்டி வாங்கி, சயோவின் பூதங்களை ஒயர் போட்டு என்னிடம் எடுத்துக்கொண்டேன். கணக்கு டீச்சரை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு ‘முதலிலிருந்து ஆரம்பி’ என்பதை அழுத்தினேன். பெயர் கேட்டது. உங்கள் பெயரைப் போட்டேன். ஆள் தன் அறையில், படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கிறான். கையில் ஒரு பூதம்கூட இல்லை.

இனி என்ன செய்வீர்களோ, உங்கள் பாடு.

ஹருயோ


குஷிரோ
8 ஜூன் 1997

ஹருவுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. எழுதுவதற்கு உண்மையாக எதுவும் இல்லாமல் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

சேற்றாமையைத்தான் மறுபடி எடுத்தேன். சாதாரண ஆள் இரண்டு நாளில் தாண்டும் முதல் காட்டில் பதினொரு நாள் சுற்றினேன். முதல் பதக்கத்துக்கு ஆறு முறை தோற்றேன். ஆமை தண்ணீருக்குள் சண்டை போடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்காரர் என்னை வழியில் பார்த்து, “என்னய்யா இப்பல்லாம் வர்றதில்ல, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

மே இருபதிலிருந்து ஊமைக் குகையில் இருக்கிறேன். விளக்குப்பூச்சி எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. தேடினேன், கிடைக்கவில்லை, அப்படியே நுழைந்துவிட்டேன். கிடங்கிலிருந்து மீன்பெட்டிச் சீட்டுகளைக் கொண்டுவந்து பின்பக்கத்தில் கோடு போடுகிறேன். உன் தாளைப் போல ஒழுங்காக இல்லை. இரண்டு சீட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவே மாட்டேன் என்கின்றன, எங்கோ ஓர் அடி தப்பியிருக்கிறது. இரண்டாம் தளத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்தால் வாசலுக்கே கொண்டுவந்து தள்ளிவிடுகிறது. நான்கு முறை விழுந்தேன். நான்காம் முறை பெட்டியை மெத்தையில் எறிந்துவிட்டு வெளியே போய்த் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பனிமூட்டத்தில் அதுவும் தெரியவில்லை.

இப்போது மூன்றாம் தளத்தில் வழி மூன்றாகப் பிரிகிற இடத்தில் நிற்கிறேன் என்று நினைக்கிறேன். இடது பக்கம் போனால் டொப். மற்ற இரண்டில் எது என்று தெரியவில்லை. எனக்கு வழி தெரியவில்லை ஹரு.

இன்று கிடங்கில் விளக்கு அணைந்தபோது விசையைத் தேடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு விசை வரைக்கும் எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டே போனேன். பதினேழு அடி. எட்டு மாதமாக அங்கே வேலை செய்கிறேன், இன்றைக்குத்தான் தெரிந்தது.

அழகாக எழுத வேறு எதுவும் இல்லை. செப்டம்பர் குடியிருப்புக்கான படிவம் வந்திருக்கிறது. உன்னைக் கேட்காமல் அனுப்பக் கூடாது என்று வைத்திருந்தேன். பிறகு நீயே பார்த்து முடிவு செய் என்று இதோடு அனுப்புகிறேன். ஜூன் முப்பதுக்குள் கொடுக்க வேண்டும். நான் இன்னும் முத்திரை போடவில்லை.

குனி


கோஜிமா
14 ஜூன் 1997

அன்புள்ள குனிக்கு,

‘எனக்கு வழி தெரியவில்லை’ என்ற வரியை மூன்று முறை படித்தேன். ஒன்பது வருடத்தில் உங்கள் வாயிலிருந்தோ பேனாவிலிருந்தோ இப்படி ஒன்று வந்ததே இல்லை. கார் ஓட்டி மலைக்குள் தொலைந்தபோதுகூட, “இது குறுக்கு வழி” என்றுதானே சொன்னீர்கள்.

அந்தப் பள்ளத்தில் நான் ஆறு முறை விழுந்தேன். வழிகாட்டிப் புத்தகத்தில் அது இல்லையாம். இக்குயோவை அனுப்பி இங்குள்ள கடையில் பார்க்கச் சொன்னேன். ஆமாம், இன்னும் சந்தேகம்தான். திட்டுவதானால் திட்டுங்கள். அவள் வந்து, “அக்கா, ரெண்டு கடையில பாத்துட்டேன், பள்ளம்னு ஒரு எழுத்துகூட இல்ல. மனுஷன் விழுந்துதான் எழுதியிருக்கார்” என்றாள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். புருஷன் பள்ளத்தில் விழுந்தான் என்று சந்தோஷப்பட்ட ஒரே பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

படிவத்தில் என் கட்டத்தில் முத்திரை வைத்துவிட்டேன். இந்தத் தடவை நான் முதலில், நீங்கள் பிறகு. தையற்கூடத்தில் ஆகஸ்டோடு நின்றுகொள்வதாகச் சொல்லியாயிற்று. வீடு எந்த மாடியானாலும் பரவாயில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். மூன்று வழி பிரியும் அந்த இடத்திலேயே நில்லுங்கள். அவசரப்பட்டு வெளியே வந்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் முட்டுங்கள்.

உங்கள்,
ஹரு